ஒற்றைப் புருவம்

டெல்லி
செவ்வாய்

பெஹன்ஜிக்கு,

ஐந்து வருடங்களுக்குப் பிறகு எழுதுகிறேன். உறையில் என் கையெழுத்தைப் பார்த்தால் பிரிக்காமலே அடுப்பில் போட்டுவிடுவீர்களோ என்று முகவரியை ஆபீஸ் பியூனை எழுதச் சொன்னேன்.

காலைப் பேப்பரில் உங்கள் ஊர்ப் பெயர் வந்திருக்கிறது. கோட் ஹர்னாம் கடைத்தெருவில் அழகு நிலையம் வைத்திருந்த லக்விந்தர் கௌரை, தனிநாடு கேட்கும் தீவிரவாதிகள் பட்டப்பகலில் கடைக்குள் புகுந்து சுட்டுவிட்டார்களாம். பெண்கள் புருவம் திருத்தக் கூடாது, முடி வெட்டக் கூடாது, தலையில் கேசரி நிறத் துப்பட்டா தவிர வேறு நிறம் கூடாது என்று எழுதி ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். அப்போது நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஒரு பெண் பின்கதவு வழியாக ஓடிவிட்டாளாம். அவளைத் துப்பாக்கிக்காரர்களும் தேடுகிறார்கள், போலீசும் தேடுகிறது.

பேப்பரை வைத்துவிட்டு உங்களைத்தான் நினைத்தேன். அறுபத்தாறு வயதில் ஒரு பெண்கள் பள்ளியை வைத்துக்கொண்டு, பின்னாலேயே தனியாகக் குடியிருந்துகொண்டு, யார் வந்து கேட்டாலும் சட்டம் பேசுவீர்கள். தயவுசெய்து பூட்டிவிட்டு இங்கே வந்துவிடுங்கள். இரண்டு அறை இருக்கிறது. என்னோடு பேச வேண்டாம். என் கையால் சாப்பிடவும் வேண்டாம், நீங்களே சமைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் வரமாட்டீர்கள் என்று தெரியும். எண்பத்துநான்கு நவம்பரில், என் புருஷன் தேஜ்பாலின் பத்தாம் நாள் பிரார்த்தனைக்கு வந்து, வாசலில் நின்று, முடி வெட்டிய என் தலையைப் பார்த்து, "இது யார் வீடு?" என்று கேட்டுவிட்டு உட்காராமலே திரும்பிப் போனவர் நீங்கள். அப்போது நான் பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். உங்கள் தங்கையின் வீடு.

நிக்கி

*

தலைமையாசிரியை இல்லம்
கோட் ஹர்னாம், தரன் தாரன் வழி
19 பிப்ரவரி 1990

அன்புள்ள நிக்கி,

உன் கடிதம் கிடைத்தது. "செவ்வாய்" என்பது தேதி ஆகாது. வருடத்தில் ஐம்பத்திரண்டு செவ்வாய் வரும். அம்மா உன்னையும் என்னோடு சிம்லா கான்வென்டுக்கு அனுப்பியிருந்தால் இந்த ஒரு பழக்கமாவது ஒட்டியிருக்கும்.

பேப்பர் எழுதியது பெரும்பாலும் சரி. ஒரு திருத்தம். லக்விந்தரைக் கடைக்குள் புகுந்து சுடவில்லை. இருவர் வெளியில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவள் நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்தபடியே திரும்பிப் பார்த்தாள். சுட்டார்கள். விழுந்த பிறகும் நூல் பல்லிடுக்கில் இருந்தது. குளிப்பாட்டிய பெண்களால் அதை எடுக்க முடியவில்லை, கத்தரிக்க வேண்டியிருந்தது. ஊர்வலத்துக்கு ஒன்பது பேர் வந்தார்கள். கல்யாணத்துக்கு முந்தின நாள் அவள் கடையில் வரிசையில் நிற்காத பெண் இந்த ஊரில் இல்லை.

அந்த அறிவிப்பு என் பள்ளிக் கதவிலும் ஒட்டப்பட்டிருந்தது. அதில் நான்கு எழுத்துப் பிழைகள். கிழித்துவிட்டேன். நான் என் வாழ்நாளில் முகத்தில் ஒரு மயிரைத் தொட்டதில்லை. திருமணமான நாளிலிருந்து முக்காடு இல்லாமல் வாசல் தாண்டியதில்லை. உன் அத்தான் போன பிறகு வெள்ளை. அது என் குருவுக்கும் எனக்கும் உள்ள விஷயம். துப்பாக்கி வைத்திருப்பவன் அதற்குச் சாயம் போட வரக் கூடாது.

நான் எங்கும் வருவதாக இல்லை. ஏப்ரலில் புது வகுப்புகள் தொடங்குகின்றன.

ஒரே ஒரு விஷயம். நூல் போட்டு எடுத்த புருவம் பழையபடி வளர எத்தனை நாள் ஆகும்? உனக்குத்தான் தெரிந்திருக்கும். உடனே எழுது.

நிர்லேப் கௌர்

பி.கு.: இந்தக் கடிதத்தை இங்கே தபாலில் போடவில்லை. மிஷன் ஆஸ்பத்திரியின் சிஸ்டர் ஆக்னஸ் அமிர்தசரஸ் போகிறாள், அவள் கையில் கொடுக்கிறேன். நீயும் அவள் முகவரிக்கே எழுது.

*

டெல்லி
26 பிப்ரவரி 1990 (தேதி போட்டிருக்கிறேன்)

பெஹன்ஜி,

ஐந்து வருடம் பேசாமல் இருந்துவிட்டு என்னிடம் கேட்கிற முதல் கேள்வி புருவத்தைப் பற்றியா? படித்துவிட்டு சத்தமாகச் சிரித்துவிட்டேன். பக்கத்து மேஜைக்காரி பயந்துபோனாள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

இரண்டு மாதம் ஆகும். சிலருக்கு மூன்று.

அவள் உங்கள் வீட்டில்தான் இருக்கிறாள், இல்லையா? யார் என்று கேட்கமாட்டேன். ஒரு புருவம் வில்லாகவும் மறுபுருவம் புதராகவும் உங்கள் சமையலறையில் உட்கார்ந்திருக்கிறாள். நீங்கள் தினம் காலையில் விளக்கெண்ணெய் தடவிவிட்டு, போன வாரத்துக்கு இந்த வாரம் வளர்ந்திருக்கிறதா என்று கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்க்கிறீர்கள். இரண்டு மாதம் யாரையும் அப்படி ஒளித்துவைக்க முடியாது. பால்காரனுக்குத் தெரிந்துவிடும். என்னிடம் அனுப்புங்கள்.

இன்னொன்றும் எழுதியாக வேண்டும். இதை எழுதாமல் உங்களிடம் எந்த உதவியும் கேட்கவோ செய்யவோ என்னால் முடியாது.

நான் ஒளிந்துகொள்வதற்காக முடியை வெட்டினேன் என்று நினைத்தீர்கள். எல்லாரும் அப்படித்தான் நினைத்தார்கள். நானும் விட்டுவிட்டேன், அது சொல்வதற்குச் சுலபமாக இருந்தது. நடந்தது வேறு. பிரதமரைச் சுட்ட மறுநாள், சீக்கியர்களைத் தேடி வந்த கும்பல் தேஜ்பாலை மாடியிலிருந்து இழுத்து வந்தது. கழுத்தில் மாட்டி எரிக்க டயர் ஏற்கெனவே தயாராக இருந்தது. நான் ஓடினேன். ஒருவன் என் பின்னலைப் பிடித்து, கையில் கயிறு சுற்றுவது போலச் சுற்றிக்கொண்டான். என் இடுப்புவரை தொங்கிய பின்னல், உங்களுக்குத் தெரியும், நீங்கள்தான் சின்ன வயதில் பின்னிவிடுவீர்கள். தலையைத் திருப்ப விடவில்லை. கண்ணை மூடினால் இழுத்தான். "பாருடி, நல்லாப் பாரு. அப்புறம் பாக்கக் கிடைக்காது." முடியும்வரை பார்க்க வைத்தான். தேஜ்பால் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், ஓரளவுக்கு மேல் பார்க்க முடியாமல் போகும்வரை.

அவன் போன பிறகும் அந்தக் கை என் பின்னலில் இருந்தது. தூங்கினால் இழுத்தது. குளித்தால் இழுத்தது. மூன்றாம் நாள் காய் நறுக்கும் கத்தியால் அறுத்தேன். கத்தி மழுங்கல், நேரமாயிற்று.

ஏழு நாள் கழித்து நீங்கள் வந்தீர்கள்.

நிக்கி

*

கோட் ஹர்னாம்
6 மார்ச் 1990

அன்புள்ள நிக்கி,

இடது கையால் எழுதுகிறேன். கோணலை மன்னித்துக்கொள். எழுத்துப் பிழையை மன்னிக்க வேண்டாம், இருக்காது.

நீ பின்னலைப் பற்றி எழுதியதைப் படித்தேன். அதற்குப் பதிலாக எழுத எனக்கு வாக்கியம் அமையவில்லை. அமையும்போது எழுதுவேன்.

நீ ஊகித்தது சரி. அவள் பெயர் ரமிந்தர். எங்கள் விளையாட்டு ஆசிரியை, இருபத்துநான்கு வயது, தோள்வரை வெட்டிய முடி. அதற்காக நான் அவளை மூன்று முறை கண்டித்திருக்கிறேன். "முடி குறைஞ்சா ஓட்டம் கூடும் பீபிஜி" என்பாள். சுட்ட இருவரில் ஒருவன் முகத்தை அவள் நன்றாகப் பார்த்துவிட்டாள். தாய் இல்லை. தகப்பன் வீட்டுக்குப் போனால் முதலில் அங்கேதான் தேடுவார்கள். போலீசிடம் போகலாம் என்று நீ சொல்லக் கூடும். போன மாதம் சாட்சி சொல்லப் போன ஒரு விவசாயியை அவர்கள் கால்வாயோரம் போட்டுவிட்டு, மோதலில் செத்தான் என்று எழுதிக்கொண்டார்கள். ஆகவே அவள் என் வீட்டுத் தானிய அறையில் இருக்கிறாள். விளக்கெண்ணெய் இல்லை, கடுகெண்ணெய்.

போன சனிக்கிழமை காலைப் பிரார்த்தனையின்போது இருவர் வந்தார்கள். ஒருவன் உயரம், மற்றவனுக்கு இன்னும் தாடி சரியாக முளைக்கவில்லை. உயரமானவன் கும்பிட்டான்.

"சத் ஸ்ரீ அகால் பீபிஜி. உங்க டீச்சருங்கள வரிசையா நிக்கச் சொல்லுங்க."

"புனித நூல் இருக்கிற மண்டபத்துல செருப்போட நிக்கிற. முதல்ல அதைக் கழட்டு" என்றேன்.

கழற்றினான், நிக்கி. துப்பாக்கியை இடுக்கிக்கொண்டு, குனிந்து, வாரை அவிழ்த்துக் கழற்றினான். இரண்டாவதை அவிழ்க்கும்போது சின்னவன் தோளைப் பிடித்துக்கொண்டான். எந்தத் தாயோ நன்றாகத்தான் வளர்த்திருக்கிறாள்.

பிறகு ஒவ்வொரு ஆசிரியையின் துப்பட்டாவையும் துப்பாக்கி முனையால் நெற்றியிலிருந்து மேலே தள்ளிப் பார்த்தார்கள். கணக்கு ஆசிரியை ஹர்தீப்பின் முன்னால் நின்றுவிட்டார்கள். அவளுக்குப் பிறவியிலேயே புருவம் சன்னம், பென்சிலால் இழுத்தது போல. சின்னவன் விசையில் விரலை வைத்தான்.

"இது எடுத்த புருவம்தானே?"

ஹர்தீப் என் பக்கம் திரும்பினாள். நான்தான் பேசினேன். "அவ மேலுதட்டைப் பாரு. புருவத்தை எடுக்கிறவ மீசையை விட்டுவைப்பாளா?"

பார்த்தார்கள். உயரமானவன் சிரித்தே விட்டான். பிள்ளைகள் ஹர்தீப்பை முதுகுக்குப் பின்னால் 'ஹவல்தார்' என்று கூப்பிடுவார்கள். அதற்காக அவள் என் அறையில் வந்து அழுததுண்டு. அன்று அந்த மீசை அவள் உயிரைக் காப்பாற்றியது. அவர்கள் போன பிறகு அவள் மேலுதட்டைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"ஓடிப்போனவ இங்கதான் வேலை பாக்கிறா. எங்க அவ?" என்றான் உயரமானவன்.

"லீவு எழுதிக் குடுத்திருக்கா."

"நீங்க ஏன் வெள்ளை போட்டிருக்கீங்க? உத்தரவு படிக்கலையா?"

"படிச்சேன். திருத்தி வெச்சிருக்கேன், வாங்கிட்டுப் போறியா? நான் தலையில துணி போட ஆரம்பிச்சப்போ உங்கப்பன் இடுப்புல துணி போட ஆரம்பிக்கல."

பிள்ளைகள் சிரித்தார்கள். அதுதான் தவறாகப் போயிற்று. அவன் துப்பட்டாவைப் பிடுங்கினான். நான் விடவில்லை. துப்பாக்கிக் கட்டையால் மணிக்கட்டில் அடித்தான். விறகு ஒடிவது போலச் சத்தம் கேட்டது, முதலில் வேறு யாருக்கோ என்றுதான் நினைத்தேன். வெள்ளையைக் காலடியில் போட்டு மிதித்துவிட்டு, பையிலிருந்து கேசரி நிறத் துணி ஒன்றை எடுத்து என் தலைமேல் எறிந்தான். "ஏப்ரல் முதல் திங்கள் வருவோம். ஒவ்வொரு தலையிலயும் இதைப் பாக்கணும். உங்க தலையை முதல்ல பாப்போம்."

போகும்போது செருப்பை ஒழுங்காக மாட்டிக்கொண்டு போனார்கள்.

சிஸ்டர் ஆக்னஸ் கட்டுப் போட்டிருக்கிறாள். எலும்பு இரண்டு இடத்தில் முறிந்திருக்கிறது.

நான் யாரிடமும் எதையும் கேட்டுப் பழகாதவள். கேட்கிறேன். ரமிந்தரை உன் வீட்டில் வைத்துக்கொள். அவர்கள் எறிந்த துணியையே அவள் தலையில் டர்பனாகக் கட்டி, அமிர்தம் எடுத்துத் தீட்சை பெற்ற பெண் போல அனுப்பலாம் என்றிருக்கிறேன். வெட்டிய முடி உள்ளே போய்விடும். தாழ்த்திக் கட்டினால் புருவமும் மறையும்.

நிர்லேப்

*

டெல்லி
11 மார்ச் 1990

பெஹன்ஜி,

தனியாக அனுப்பாதீர்கள். டர்பன் பியாஸ் ஆற்றுப் பாலம்வரைதான் அவளைக் காப்பாற்றும். பாலத்தைத் தாண்டினால் அதே டர்பனுக்காகப் போலீஸ் அவளை இறக்கிவிடும். ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு தலை வேண்டும், இந்தப் பக்கம் வேறு தலை வேண்டும். இதை டெல்லியில் இருப்பவளிடம்தான் கேட்க வேண்டும்.

சனிக்கிழமை நானே வருகிறேன். பொட்டு இல்லாமல், முக்காட்டை இழுத்து மூடிக்கொண்டு வருவேன். வாசலில் நின்று யார் வீடு என்று கேட்கமாட்டேன். பராத்தா செய்து வையுங்கள். இல்லை, கை முறிந்திருக்கிறதே, ரமிந்தரைச் செய்யச் சொல்லுங்கள்.

ஒரு நூல்கண்டு கொண்டு வருகிறேன். வெள்ளை, நாற்பதாம் நம்பர்.

நிக்கி

*

டெல்லி
27 மார்ச் 1990

பெஹன்ஜி,

தாமதத்துக்குக் காரணம் உண்டு. ரமிந்தர் நலமாக இருக்கிறாள். அதை முதலில் எழுதிவிடுகிறேன், மீதியைப் பதறாமல் படியுங்கள்.

உங்கள் வாசலில் விடைபெற்றபோது, ஒட்ட வெட்டிய என் முடியை உங்கள் இடது கையால் காதோரம் தடவிக்கொடுத்தீர்கள். அமிர்தசரஸ் போகும்வரை அந்தக் காது சூடாகவே இருந்தது.

பஸ்ஸை ஊர் தாண்டியதும் நிறுத்தினார்கள். நீங்கள் எழுதிய அந்த உயரமானவன்தான்; கடையில் சுட்டதும் அவனே என்று ரமிந்தர் கண்டுகொண்டாள். அவள் என் தோளைப் பிடித்த பிடியில் நகக்குறி இன்னும் இருக்கிறது. ஏறினான். ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். ரமிந்தரின் டர்பனைப் பார்த்ததும் கை கூப்பினான். "என் சகோதரி நின்னுக்கிட்டு வரலாமா? எந்திரிங்கய்யா." ஒரு கிழவரை எழுப்பி அவர் இடத்தில் அவளை உட்கார வைத்தான்! நீங்கள் புருவத்துக்கு மேல் அரை விரல்கூட விடாமல் கட்டச் சொன்னது நல்லதாயிற்று. அவன் இறங்கிய பிறகு அவள் அந்தக் கிழவரைக் கெஞ்சித் திரும்ப உட்கார வைத்தாள்.

ரயிலில் பியாஸ் பாலத்தின் சத்தம் கேட்டதும் இருவரும் கழிப்பறைக்குள் போனோம். டர்பனை அவிழ்த்தாள். முடியைச் சீவினேன், நெற்றியில் பையிலிருந்த என் பொட்டை ஒட்டினேன். மீதி ஒரு புருவம். ரயில் ஆடுகிறது. அவளைச் சுவரில் சாய்த்து, நூலைப் பல்லில் கடித்தேன். அவள் கண்ணைத் திறந்து என் வாயைப் பார்த்தாள். "அக்கா, அவங்க பல்லுலயும் இப்படித்தான்…"

"கண்ணை மூடு. இங்க யாரும் என் பேரைக் கூப்பிட மாட்டாங்க."

எடுத்து முடித்தேன். லக்விந்தர் அளவுக்கு வரவில்லை. ஆனால் இரண்டும் சமம்.

பிறகு அந்தத் துணி. அதைக் கழிப்பறைத் துளை வழியாகத் தண்டவாளத்தில் தள்ளிவிடுவது என்று பேசி வைத்திருந்தோம். குனிந்தேன். கை வரவில்லை, பெஹன்ஜி. ஐந்து வருடமாகக் குருத்வாரா வாசலை மிதிக்காதவள் நான். அது அந்தக் கொலைகாரன் எறிந்த துணி என்றும் தெரியும். ஆனால் ஒரு தலையில் டர்பனாக இருந்துவிட்டதே. அதை மலத்துளையில் எப்படிப் போடுவது? ரமிந்தரிடம் நீட்டினேன். அவளும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். கடைசியில் மடித்து, பையில் பராத்தாவுக்கு அடியில் வைத்தேன். தேஜ்பாலின் துணியை மடிப்பது போல நான்காக மடித்தேன். அப்படி ஒரு முட்டாள்தனத்தை நம் ஆட்களைத் தவிர யார் செய்வார்கள்?

ஜலந்தரில் போலீஸ் ஏறியது. பையைக் கவிழ்த்தார்கள். பராத்தா, ஊறுகாய், அதன்மேல் கேசரி நிறம்.

"இது யாரோடது?" இன்ஸ்பெக்டர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். ரமிந்தரின் நெற்றியில் டர்பன் அழுத்திய கோடு இன்னும் மறையவில்லை. அவர் அதைப் பார்ப்பதற்குள் பேசிவிட வேண்டியிருந்தது.

"என்னோடது. இந்தப் பொண்ணு யாருன்னே எனக்குத் தெரியாது."

சிரித்தார்கள். "உன் தலையில கட்டுறதுக்கு என்னம்மா இருக்கு?"

"தலை இருக்கு."

"அப்போ கட்டு, பாக்கலாம்."

கட்டினேன். கை தானாகப் போயிற்று. தினமும் காலையில் தேஜ்பால் டர்பன் கட்டும்போது துணியின் மறுமுனையைப் பிடித்த கை அல்லவா? கடைசி மடிப்பைச் செருகியபோது பெட்டியில் யாரும் சிரிக்கவில்லை. என்னைக் கையைப் பிடித்து இறக்கினார்கள். ரமிந்தர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் சொல்லியிருந்தபடியே செய்தாள். ரயில் அவளோடும், அவளிடம் கொடுத்துவைத்த என் வீட்டுச் சாவியோடும் போயிற்று.

மறுநாள் மதியம்வரை வைத்திருந்தார்கள். யாருக்குக் கடிதம் கொண்டுபோகிறாய், எந்த ஊர், யார் அனுப்பினார்கள். உங்கள் பெயரைச் சொல்லவில்லை. உள்ளங்காலில் அடித்தார்கள். பிறகு ஒருவன் டர்பனைத் தட்டிவிட்டு, என் முடியைப் பிடித்து இழுக்கக் கை நீட்டினான். பிடிக்க எதுவும் கிடைக்கவில்லை. விரல்கள் மண்டையில் வழுக்கின. மறுபடி முயன்றான், மறுபடியும் வழுக்கியது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த நவம்பருக்குப் பிறகு அப்படிச் சிரித்ததே இல்லை. அந்தச் சிரிப்புக்காகத்தான் முன்பற்கள் மூன்று போயின.

என் ஆபீசுக்குப் போன் போட்டு விசாரித்துவிட்டு, பைத்தியம் என்று எழுதி விட்டுவிட்டார்கள். துணியைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். கட்டிக்கொண்டே வீடு வந்தேன். தெருவில் எல்லாரும் பார்த்தார்கள். ரமிந்தர் கதவைத் திறந்து, என் வாயைப் பார்த்துவிட்டு, கிச்சடியை இன்னும் குழைய வைக்கப் போய்விட்டாள்.

நூலைக் கடிக்க இனி எனக்குப் பல் இல்லை. அவளே கற்றுக்கொள்ளட்டும்.

முதல் திங்கள் நெருங்குகிறது. வந்துவிடுங்கள்.

நிக்கி

*

கோட் ஹர்னாம்
30 மார்ச் 1990

அன்புள்ள நிக்கி,

பல் கட்ட யாரிடம் போகிறாய் என்று எழுது. தெருமுனையில் உட்கார்ந்திருப்பவனிடம் போகாதே.

அந்தத் துணி டர்பனுக்கு நீளம் போதாது என்று ரமிந்தருக்குக் கட்டும்போதே கவனித்தேன். என் பெட்டியில் ஐந்து கஜம் வெள்ளை மல்மல் துணி இருந்தது. இந்தக் கடிதத்தோடு பார்சலில் வருகிறது. கட்ட விருப்பமிருந்தால் கட்டு. இல்லாவிட்டால் தலையணை உறை தைத்துக்கொள். முடியை வளர், வளர்க்காமல் இரு. அது உன் தலை.

பிள்ளைகளின் பெற்றோருக்குச் சொல்லி அனுப்பிவிட்டேன். திங்கள்கிழமை விரும்பியவர்கள் விரும்பிய நிறத்தில் பிள்ளைகளை அனுப்பலாம், அனுப்பாமலும் இருக்கலாம். குழந்தைகளைக் கேடயமாக வைத்துக்கொண்டு கௌரவம் பேச எனக்கு விருப்பமில்லை.

என் தலையைப் பற்றி இரண்டு இரவாக யோசித்தேன். கேசரி போடுவதில்லை. வெள்ளை போட்டுக்கொண்டு போகலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் வெள்ளையோ சிவப்போ, அன்றைக்கு என் தலையில் துணி இருந்தால், கிழவி பயந்து மூடிக்கொண்டாள், நிறத்தில் மட்டும்தான் சண்டை என்று அவர்கள் நினைப்பார்கள். குருவுக்காக மூடிய தலை இது. அவர்களுக்காக மூடியதாக ஒரு நாள்கூட ஆகக் கூடாது. ஆகவே திங்கள்கிழமை முக்காடு இல்லாமல் போகிறேன். குரு கோபிக்கமாட்டார். கோபித்தால் அவரிடம் நானே பேசிக்கொள்கிறேன்.

ரமிந்தரைத் தினமும் ஓடச் சொல். உட்கார்ந்தே இருந்தால் அந்த முகம் அவள் கண்முன் வந்து நிற்கும்.

நிர்லேப்

*

தந்தி
டெல்லி, 2 ஏப்ரல் 1990, காலை

முக்காடு போடுங்கள். எந்த நிறமானாலும். உயிரோடு இருங்கள். நிக்கி.

*

மிஷன் ஆஸ்பத்திரி
கோட் ஹர்னாம்
5 ஏப்ரல் 1990

அன்புள்ள நிக்கி,

உன் தந்தி செவ்வாய்க்கிழமை மாலை வந்து சேர்ந்தது. அதற்குமுன் நடந்ததை எழுதுகிறேன்.

திங்களன்று பதினொரு பிள்ளைகள் வந்தார்கள். ஐந்து கேசரி, ஆறு வெள்ளை. ஹர்தீப் வந்தாள், மீசையோடு. பிள்ளைகளை அவளோடு வகுப்பறைக்குள் வைத்துக் கதவைப் பூட்டச் சொல்லிவிட்டு, நான் கேட்டருகே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். வெறும் தலையில் காற்று படுவது எப்படி இருக்கும் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. கூச்சமாக இருந்தது. கடைத்தெருவில் போனவர்கள் எல்லாரும் குனிந்துகொண்டு போனார்கள்.

சின்னவன் மட்டும் தனியாக ஸ்கூட்டரில் வந்தான். உயரமானவனை முந்தின நாள் போலீஸ் கரும்புக் காட்டில் சுட்டுவிட்டதாம். அழுது வீங்கிய முகம். என்னைப் பார்த்ததும் அவனுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. நிறத்தைத்தான் பார்க்கச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள், வெறும் தலைக்கு உத்தரவு கிடையாது.

"பீபிஜி, தலையில ஏதாவது போட்டுக்கோங்க. போட்டீங்கன்னா போயிடறேன்."

"நீ போனப்புறம் போட்டுக்கறேன்."

"சாமி சத்தியமா சொல்றேன், சுட்டுருவேன்."

"கை நடுங்குது. ரெண்டு கையாலயும் பிடி."

சுட்டான். காதின் மேல்பாதி போய்விட்டது. குண்டு தோலைக் கிழித்துக்கொண்டு பின்மண்டைவரை ஓடியிருக்கிறது. இரண்டாவது தடவை துப்பாக்கி சிக்கிக்கொண்டது. அவன் அதை உதறினான், அடித்தான், பிறகு அங்கேயே போட்டுவிட்டு ஓடினான். ஸ்கூட்டரைக்கூட எடுக்கவில்லை. ஹர்தீப் கதவைத் திறந்துகொண்டு ஓடி வந்து, தன் துப்பட்டாவை என் தலையில் வைத்து அழுத்தினாள். என்ன நிறம் என்று பார்க்கவில்லை. சிவப்பாகிவிட்டது.

சிஸ்டர் ஆக்னஸ் கத்தரியோடு வந்து நின்றாள். "மேடம், முடியை எடுக்காம தையல் போட முடியாது. முழுசா எடுக்கணும்." ஒன்பது வயதில், பேன் என்று கத்தரியோடு வந்த கான்வென்ட் மதரின் கையை நான் கடித்த கதையை அவளுக்கு எப்போதோ சொல்லியிருக்கிறேன். அதனால் கையை எட்டவே வைத்துக்கொண்டு கேட்டாள்.

"வெட்டு" என்றேன்.

அவள் அழுதுகொண்டே வெட்டினாள். வெட்டி முடிந்ததும், நான் தனியாக உணரக் கூடாது என்றோ என்னவோ, தன் முக்காட்டை ஒரு கணம் கழற்றிக் காட்டினாள். அவளுக்கும் குட்டைமுடிதான், நரை. மறுபடி மாட்டிக்கொண்டாள். பின்னலை ஒரு வெள்ளைத் துணியில் சுற்றிக் கையில் கொடுத்தாள். இவ்வளவு கனம் என்று எனக்குத் தெரியாது. இதை இத்தனை வருடம் சுமந்திருக்கிறேன். யாராவது இதைக் கையில் சுற்றிப் பிடித்து இழுத்தால் எப்படியிருக்கும் என்று, நேற்று இரவு என் கையில் சுற்றிப் பார்த்தேன். பிறகு விளக்கை அணைக்கவே இல்லை.

பள்ளி இருபதாம் தேதி திறக்கிறது. அதுவரை தையல் பிரிக்கும் நாள் தவிர வேலை இல்லை. செவ்வாய் (10 ஏப்ரல்) காலை ரயிலில் டெல்லி வருகிறேன். சிஸ்டர் ஆக்னஸ் அமிர்தசரஸ்வரை கூட வருகிறாள்.

உன் வீட்டு வாசலில் நிற்பதாக உத்தேசமில்லை. நேரே உள்ளே வந்து உட்காருவேன். ஒரு நாற்காலி போட்டு வை.

வெள்ளை மல்மலைத் தலையணை உறையாகத் தைத்துவிடவில்லையே? எனக்கு டர்பன் கட்டத் தெரியாது. ஒரு கையால் கட்டவும் முடியாது. மறுமுனையை நீதான் பிடிக்க வேண்டும்.

உன்
பெஹன்ஜி